பொருளியலும் சட்டமும் ஒரே பட்டத்தில்: ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி. படிக்க நினைப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றுப் படுகையில் கழிவுநீரை விட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்ததாகத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதே ஆலைகள்தான் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தன, பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறும் போட்டன. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பைக் கணக்கிட்டு ஈடு வசூலிக்க ஓர் ஆணையம் அமைக்கவும் உத்தரவிட்டது.

சட்ட மாணவர் இதை வாசித்தால் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு (உயிர் வாழும் உரிமை) கண்ணில் படும். பொருளியல் மாணவர் வாசித்தால் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் வந்த 'புறவிளைவு' கண்ணில் படும்: ஆலை தன் செலவில் ஒரு பகுதியைக் கணக்கில் எழுதாமல் பக்கத்து வயலின் மேல் தள்ளிவிட்டிருக்கிறது. இரண்டையும் படித்தவருக்கு இன்னொரு கேள்வி வரும். சுத்திகரிப்பு நிலையம் கட்டப் பெருந்தொகை தேவைப்படும்போது, 10,000 ரூபாய் அபராதம் ஒரு முதலாளியின் கணக்கை மாற்றுமா? மாற்றாது என்றால் எந்தத் தொகை மாற்றும்? அதை யார், எப்படிக் கணக்கிடுவது?

இந்தக் கேள்வி உங்களைச் சும்மா விடவில்லை என்றால் இந்தப் படிப்பு உங்களுக்கானது. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இந்தப் பட்டத்தின் சட்டப் பாதியைக் கல்லூரி உங்களுக்குக் கட்டிக் கொடுக்கும். பொருளியல் பாதியைப் பெரும்பாலும் நீங்களேதான் கட்டிக்கொள்ள வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அதை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: இது என்ன பட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பு இது. பத்து செமஸ்டர்கள். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் என்.ஆர். மாதவ மேனன் தலைமையில் 1988-ல் முதல் அணி மாணவர்கள் சேர்ந்த பிறகு இந்த வடிவம் நாடு முழுக்கப் பரவியது. பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ., பி.எஸ்சி. என்று முதல் பட்டம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், எல்எல்.பி. பகுதி ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குக் காரணம், வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள். கட்டாயச் சட்டத் தாள்கள் 20, பயிற்சித் தாள்கள் 4, அதற்கு மேல் விருப்பத் தாள்கள் என்று அந்த விதிகள் சொல்லிவிட்டன. ஆனர்ஸ் பட்டம் என்றால் கூடுதலாக எட்டுத் தாள்கள்.

பொருளியல் வருவது பி.ஏ. பகுதியில். அதோடு அரசியல் அறிவியல், வரலாறு, சமூகவியல், ஆங்கிலம் எல்லாம் இடத்துக்குப் போட்டி போடும். அதனால் 'பி.ஏ., எல்எல்.பி.' என்ற பெயரை மட்டும் பார்த்து நிறையப் பொருளியல் கிடைக்கும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சில இடங்களில் பொருளியலை முதன்மைப் பாடமாக எடுக்கலாம். சில இடங்களில் மூன்று தாளோடு முடிந்துவிடும்.

இன்னொரு விதி பல பெற்றோருக்குத் தெரியாது. நடுவில் வெளியேற முடியாது. மூன்று வருடம் படித்துவிட்டு, "சட்டம் ஒத்துவரவில்லை, பி.ஏ. பட்டத்தை மட்டும் கொடுங்கள்" என்று கேட்டால் கிடைக்காது, பட்டத்தை இடையில் பிரித்துக் கொடுப்பதை விதி தடுக்கிறது. பி.ஏ. முடித்தவர் நேராக மூன்றாம் ஆண்டில் வந்து சேரவும் முடியாது. ஐந்து வருடத்துக்கும் சேர்த்து முடிவெடுக்க வேண்டும்.

அந்த உறுதி இன்னும் வரவில்லையா? அப்படியானால் ஆறு வருட வழி இருக்கிறது: நல்ல கல்லூரியில் மூன்றாண்டு பி.ஏ. பொருளியல், பிறகு மூன்றாண்டு எல்எல்.பி. ஒரு வருடம் கூடுதலாகும். ஆனால் பொருளியல் முழுதாகக் கிடைக்கும், நடுவில் மனம் மாறினாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும். வகுப்பிலேயே பொருளியலில் யாரும் தொட முடியாத பிள்ளை என்றால் நான் இந்த ஆறு வருட வழியைத்தான் சொல்வேன். வாதாடுவது, எழுதுவது, மனிதர்களின் சண்டையைப் பிரித்துப் பார்ப்பது ஆகியவற்றில் ஆசை உள்ள பிள்ளைக்கு ஐந்து வருட வழி.

இரண்டாம் படி: பதினொன்றாம் வகுப்பிலேயே கணக்கை விட்டுவிடாதீர்கள்

பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் இந்தப் படிப்பில் சேரலாம். பார் கவுன்சில் விதிப்படி குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. இது அடித்தளம் மட்டும்தான். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இதைவிட அதிகமாகக் கேட்கலாம், உண்மையான கட்-ஆஃப் எப்போதும் மேலே இருக்கும்.

"சட்டம்தானே, கணக்கு எதற்கு" என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். சட்டத்துக்கு வேண்டாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பொருளியலுக்கு வேண்டும். தேவை நெகிழ்ச்சியை (விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்பதை) புரிந்துகொள்ள வகையீடும், ஒரு விலை உயர்வு தற்செயலா இல்லையா என்று சோதிக்கப் புள்ளியியலும் தேவை. பின்னாளில் பொருளியல் எம்.ஏ. போக நினைத்தால் கணக்கு இல்லாமல் நுழைவுத் தேர்வையே தாண்ட முடியாது. கணக்கோடு பொருளியல் கிடைக்கும் வணிகவியல் பிரிவு அமைந்தால் அதுவே நல்ல தொடக்கம். அறிவியல் பிரிவில் இருப்பவர்கள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் பாடநூல்களைத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாக இறக்கி, விடுமுறையில் ஒருமுறை வாசித்துவிடுங்கள். ஒரு மாதம் போதும்.

மூன்றாம் படி: உள்ளே போக இரண்டு வாசல்கள்

ஒன்று கிளாட், அதாவது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான பொது நுழைவுத் தேர்வு. 2008-ல் தொடங்கியது, இப்போது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்துகிறது. சமீப ஆண்டுகளில் டிசம்பர் தொடக்கத்தில் நடக்கிறது. அதாவது நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிடும். பொதுத்தேர்வு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒரு வருடம் போய்விடும். இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், கணக்கு என்று ஐந்து பகுதிகள். கணக்குப் பகுதி பத்தாம் வகுப்பு அளவுதான், மொத்தத்தில் ஏறக்குறைய பத்து சதவீதம்.

இந்தத் தேர்வு உண்மையில் சோதிப்பது வாசிப்பு வேகத்தை. எல்லாப் பகுதியிலும் ஒரு நீளமான பத்தியைக் கொடுத்து அதிலிருந்துதான் கேட்கிறார்கள். சட்டத் தர்க்கப் பகுதிக்கு முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கொடுத்த விதியைக் கொடுத்த நிகழ்வில் பொருத்திப் பார்க்கத் தெரிந்தால் போதும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு இடைஞ்சல் இங்கேதான், தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. அதனால் தமிழ் வழி மாணவர்கள் பதினொன்றாம் வகுப்பு ஜூனிலேயே தொடங்க வேண்டும். தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தில் ஒரு கட்டுரையை எடுத்து, கடிகாரம் வைத்து வாசித்து, அதன் வாதத்தைத் தமிழில் மூன்று வரியில் எழுதுங்கள். வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இதில் பலன் அதிகம். முதல் இரண்டு மாதம் இழுக்கும், அப்புறம் பிடிபடும்.

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் கிளாட்டில் சேராமல் ஐலெட் என்ற தனித் தேர்வை நடத்துகிறது. 150 கேள்விகளில் 70 தர்க்கம் சார்ந்தவை. தர்க்கத்தில் வேகம் உள்ளவர்கள் இதையும் எழுதிப் பார்க்கலாம்.

இரண்டாவது வாசல் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டு, சென்னையில் உள்ள தன் சீர்மிகு சட்டப் பள்ளிக்கும், மாநிலம் முழுவதும் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளுக்கும் மாணவர்களைச் சேர்க்கிறது. சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. ஆகியவற்றோடு சேர்ந்த ஆனர்ஸ் சட்டப் படிப்புகள் இருக்கின்றன. மாநில இட ஒதுக்கீடு அப்படியே பொருந்தும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு, 2021-ல் வந்த சட்டப்படி, சட்டப் படிப்பிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மட்டும்தான் அது என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பள்ளி ஆசிரியர்கள் இதை வகுப்பில் சொன்னால் பெரிய உதவி.

திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது என்றாலும் கிளாட் வழியாகத்தான் சேர முடியும். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அங்கே தனி ஒதுக்கீடு இருக்கிறது. பி.ஏ., பி.காம். இரண்டோடும் சேர்ந்த ஆனர்ஸ் படிப்புகள் உண்டு.

நான்காம் படி: கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது

தரவரிசைப் பட்டியல்கள் சட்டக் கல்லூரி எவ்வளவு நல்லது என்று சொல்லும். பொருளியல் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பாடத்திட்டத்தை இறக்கிக் கையில் பென்சிலோடு உட்காருவது.

பத்து செமஸ்டருக்கும் உள்ள தாள்களின் பெயரை வரிசையாக எழுதுங்கள். நுண்பொருளியல், பேரியல் பொருளியல், பொது நிதி, பன்னாட்டு வர்த்தகம், இந்தியப் பொருளாதாரம், புள்ளியியல் ஆகியவற்றுக்கு எதிரே ஒரு கோடு போடுங்கள். ஆறு கோடுக்கு மேல் வந்தால் அங்கே பொருளியல் உயிரோடு இருக்கிறது. 'சட்டமும் பொருளியலும்' என்ற பெயரிலேயே ஒரு தாள் இருந்தால் அதன் பக்கத்தில் பெரிய நட்சத்திரம் போடுங்கள். மூன்றுக்குக் கீழே என்றால் அது நல்ல சட்டக் கல்லூரியாக இருக்கலாம். நீங்கள் தேடும் இரட்டைப் படிப்பு அங்கே இல்லை.

அடுத்து ஆசிரியர் பட்டியலுக்குப் போங்கள். பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லாமல் வருகைதரு ஆசிரியரை வைத்தே ஓட்டும் கல்லூரியில், பொருளியல் தாள் தேர்வுக்கு முந்தைய வாரத்துக் குறிப்பாகச் சுருங்கிவிடும். எனக்கு நடந்தது அதுதான். இரண்டாம் ஆண்டில் எங்கள் பேரியல் பொருளியல் வகுப்புக்கு ஒரே செமஸ்டரில் மூன்று பேர் மாறி மாறி வந்தார்கள். பணவீக்கத்தைப் பற்றி நான் உருப்படியாகத் தெரிந்துகொண்டதெல்லாம் பட்டம் வாங்கிய பிறகுதான். அந்த இழப்பை ஈடுகட்ட எனக்கு இரண்டு வருடம் ஆனது, அதனால்தான் இந்தப் படியை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

மூன்றாவதாக, இப்போது அங்கே நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு அண்ணனையோ அக்காவையோ பிடியுங்கள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "கடைசியாக எந்தப் பொருளியல் தாளுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதினீர்கள், எதைப் பற்றி?" பதில் வரும் வேகத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தனியார் கல்லூரி என்றால் பார் கவுன்சிலின் ஒப்புதல் நடப்பு ஆண்டுக்கு இருக்கிறதா என்று கவுன்சிலின் தளத்திலேயே பார்த்துவிடுங்கள். ஒப்புதல் இல்லாத இடத்தில் வாங்கிய பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது.

பணம்

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விடுதியையும் சேர்த்து ஆண்டுக்கு 2 முதல் 4 லட்சம் ரூபாய் ஆகிறது. அரசு சட்டக் கல்லூரியில் கல்விக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் அடங்கிவிடும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை வைத்துக்கொண்டு "எப்படியாவது நேஷனல் லா ஸ்கூல்" என்று கடன் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. கார்ப்பரேட் வேலைதான் இலக்கு என்றால் அந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கிறது. சொந்த ஊர் நீதிமன்றத்தில் வாதாடுவதுதான் இலக்கு என்றால் அரசு சட்டக் கல்லூரியில் படித்து, மிஞ்சும் பணத்தை முதல் மூன்று வருட ஜூனியர் காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் வருமானம் மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கிளாட் பக்கமே போகக் கூடாது என்பதில்லை. பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ல் தொடங்கிய ஐடியா என்ற அமைப்பு, அப்படிப்பட்ட மாணவர்களைத் தேடிப் பயிற்சி கொடுத்து, சேர்ந்த பிறகு கட்டணத்துக்கும் வழி தேடித் தருகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். புத்தகச் செலவுக்கு ஆகும்.

ஐந்தாம் படி: முதல் இரண்டு ஆண்டுகளில் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுங்கள்

பெரும்பாலான மாணவர்கள் காலையில் பொருளியல் வகுப்பு, மதியம் ஒப்பந்தச் சட்ட வகுப்பு என்று இரண்டையும் தனித்தனி நோட்டில் எழுதுகிறார்கள். ஒரே நோட்டில் எழுதிப் பாருங்கள். இடது பக்கம் வழக்கு, வலது பக்கம் அதற்குப் பின்னால் இருக்கும் பொருளியல்.

உதாரணத்துக்குத் தீங்கியல் சட்டத்தில், அதாவது ஒருவர் செயலால் இன்னொருவருக்கு வரும் இழப்புக்கு ஈடு கேட்கும் சட்டத்தில், வரும் 'கவனக்குறைவு'. நியூயார்க் துறைமுகத்தில் காவலாள் இல்லாத ஒரு படகு கட்டவிழ்ந்து போய் மூழ்கியது. 1947-ல் அந்த வழக்கில் அமெரிக்க நீதிபதி லேர்னட் ஹேண்ட் ஒரு கணக்கைச் சொன்னார்: விபத்தைத் தடுக்க ஆகும் செலவு, விபத்து நடக்கும் வாய்ப்பை அதனால் வரும் இழப்பால் பெருக்கி வரும் தொகையைவிடக் குறைவாக இருந்தும் ஒருவர் தடுக்கவில்லை என்றால் அது கவனக்குறைவு. இதை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள். மூடாத ஆழ்துளைக் கிணற்றுக்கு ஒரு மூடி போட என்ன செலவாகும்? அதில் ஒரு குழந்தை விழுந்தால் இழப்பு என்ன? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது கவனக்குறைவு என்ற சொல்லுக்கு எலும்பும் சதையும் வந்துவிடும். குழந்தையின் உயிருக்கு எப்படித் தொகை போடுவது என்று உடனே ஒரு சங்கடமும் வரும். அந்தச் சங்கடத்தோடு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்புகளை எடுத்து வாசியுங்கள். நீதிமன்றங்கள் வயதையும் வருமானத்தையும் வைத்து ஒவ்வொரு நாளும் போடுவது அந்தக் கணக்கைத்தான்.

இன்னொன்று பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1960-ல் எழுதிய கட்டுரை. அவருக்கு 1991-ல் நோபல் பரிசு கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒருவர் மாடு பக்கத்து வயலில் மேய்ந்துவிடுகிறது. பேசித் தீர்த்துக்கொள்ள எந்தச் செலவும் இல்லை என்றால், சட்டம் யார் பக்கம் நின்றாலும் இருவரும் பேரம் பேசி, மொத்தத்தில் லாபமான முடிவுக்கே வந்துவிடுவார்கள் என்றார் கோஸ். நம் கிராமத்தில் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு நடுவில் இது நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது பாலாற்றுக்குத் திரும்புங்கள். நூற்றுக்கணக்கான ஆலைகள், பல்லாயிரம் விவசாயிகள். யார் யாரோடு உட்கார்ந்து பேசுவது? அந்தப் பரிவர்த்தனைச் செலவு மலையளவு இருப்பதால்தான் அங்கே சட்டம் நடுவில் வர வேண்டியிருக்கிறது. கோஸின் கட்டுரையை முதலாம் ஆண்டில் வாசித்தால் பாதிதான் புரியும். மூன்றாம் ஆண்டில் மறுபடி வாசியுங்கள்.

வருகைப்பதிவையும் மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு தாளிலும் 70 சதவீதம் வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற) போட்டிக்காக ஊர் ஊராகப் போகும் ஆர்வத்தில் இதைக் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு.

ஆறாம் படி: மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு ஒரு வழக்கை முழுதாகத் தின்று செரியுங்கள்

போட்டிச் சட்டம், நொடிப்புச் சட்டம் (கடனைக் கட்ட முடியாமல் போன நிறுவனங்களுக்கானது), வரிச் சட்டம், மின்சார ஒழுங்குமுறை, பங்குச் சந்தைச் சட்டம் ஆகியவையெல்லாம் நீங்கள் படித்த இரண்டும் கைகோக்கும் இடங்கள். எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொடுவதைவிட ஒரு வழக்கை அடிவரை தோண்டுவது நல்லது. எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன்.

இந்திய உணவுக் கழகம் கிடங்கில் தானியத்தைப் பூச்சியிலிருந்து காக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை டெண்டர் விட்டு வாங்குகிறது. 2009 மே மாத டெண்டரில் மூன்று நிறுவனங்கள் கிலோவுக்கு 388 ரூபாய் என்று ஒரே விலையைக் கேட்டன. ஆலைகள் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன, செலவுகளும் வேறு வேறு. ஆனாலும் பைசா பிசகாமல் ஒரே விலை. கூடிப் பேசி வைத்த விலை என்று இந்தியப் போட்டி ஆணையம் 2012-ல் அபராதம் போட்டது. வழக்கு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் வரை போய் 2017 மே மாதம் தீர்ந்தது. எக்செல் கிராப் கேர் வழக்கு என்று தேடினால் கிடைக்கும்.

இதில் முதல் கேள்வி சுத்தமான சட்டக் கேள்வி. விலையைக் கூடிப் பேசி வைப்பதைத் தடுக்கும், போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2009 மே 20. டெண்டர் கொடுத்த நாள் மே 8. அப்படியானால் சட்டம் இவர்களைத் தொடுமா? தொடும் என்றது நீதிமன்றம், ஏனென்றால் அந்த டெண்டரின் விளைவு மே 20-க்குப் பிறகும் தொடர்ந்தது.

இரண்டாவது கேள்வி பொருளியலுடையது. விற்பவர்கள் நாலைந்து பேர் மட்டுமே உள்ள சந்தையில், அதாவது சில்லோர் முற்றுரிமையில், ஒருவர் விலையை மற்றவர் பார்த்துத் தன் விலையை வைப்பது இயல்பு. பேசாமலேயே விலைகள் நெருங்கி வரலாம். அப்படியானால் ஒரே விலை என்பதே கூட்டுச்சதிக்குச் சான்றாகுமா? மூடிய உறையில் விலை கொடுக்கும் டெண்டரில் அடுத்தவர் விலையைப் பார்க்க வழியில்லை என்பதைச் சேர்த்து யோசியுங்கள். நெருங்கிய விலை வேறு, ஒரே விலை வேறு. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று நான் மாணவர்களோடு மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

மூன்றாவது கேள்வியில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அபராதத்தை நிறுவனத்தின் மொத்த விற்றுமுதலில் (ஆண்டு விற்பனைத் தொகையில்) கணக்கிடுவதா, தவறு நடந்த அந்தப் பொருளின் விற்றுமுதலில் மட்டுமா? பொருளின் விற்றுமுதலில் மட்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னதால் ஒரு நிறுவனத்தின் அபராதம் 63.90 கோடியிலிருந்து 2.92 கோடியாகக் குறைந்தது, உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நியாயம் என்ற கோணத்தில் அது சரியாகத் தோன்றும். ஆனால் பாலாற்றின் 10,000 ரூபாய்க் கேள்வி இங்கே மறுபடி வருகிறது. பிடிபடும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால், கிடைத்த லாபத்தைப் போல் பத்து மடங்கு அபராதம் இருந்தால்தானே அடுத்தவர் யோசிப்பார்? நாடாளுமன்றம் 2023-ல் சட்டத்தைத் திருத்தி, உலகளாவிய மொத்த விற்றுமுதலையே அபராதத்துக்கு அடிப்படையாக்கியது. தீர்ப்பையும் திருத்தத்தையும் பக்கத்தில் வைத்து, எது சரி என்று பத்துப் பக்கம் எழுதிப் பாருங்கள். இந்த ஒரு கட்டுரை உங்கள் பெயரில் இருந்தால் இன்டர்ன்ஷிப் நேர்காணலில் பேச விஷயம் தேட வேண்டியதில்லை.

ஏழாம் படி: இன்டர்ன்ஷிப்

ஐந்தாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 20 வாரம் கட்டாயம். ஒரே மூச்சில் நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. முதல் முறை சொந்த ஊர் முன்சீப் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். வாய்தா என்றால் என்ன, ஒரு வழக்கு ஏன் பத்து வருடம் இழுக்கிறது என்று அங்கேதான் தெரியும். தாமதத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்ற பொருளியல் பாடமும் அங்கேயே கிடைத்துவிடும்.

அப்புறம் சென்னையில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் நொடிப்பு வழக்கு நடத்தும் ஒருவரிடம் போகலாம். கடன்கொடுத்தவர்களில் 66 சதவீத வாக்கு இருந்தால் மீட்புத் திட்டம் நிறைவேறும், 330 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதையும், நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதையும் நேரில் பார்க்கலாம். டெல்லியில் போட்டி ஆணையமே மாணவர்களை இன்டர்ன்களாக எடுக்கிறது. பொருளியல் பக்கம் ஒரு முறையாவது போக வேண்டும். அடையாறில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்துக்கு எழுதிக் கேளுங்கள். மூன்று மெயிலுக்குப் பதில் வராது, நான்காவதற்கு வரும்.

எட்டாம் படி: கல்லூரி சொல்லித் தராததைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலான சட்டக் கல்லூரிகளில் புள்ளியியல் ஒரு தாளைத் தாண்டாது, எகனாமெட்ரிக்ஸ் (பொருளியல் தரவைப் புள்ளியியலால் சோதிக்கும் துறை) கிட்டத்தட்ட கிடையாது. இதை ஸ்வயம், என்பிடிஇஎல் என்ற இணையவழிக் கல்வித் தளங்களில் இலவசமாகப் படிக்கலாம். தரவைக் கையாள ஆர் (R) என்ற நிரல் மொழியோ, குறைந்தபட்சம் எக்செலோ வேண்டும். படித்ததைச் சட்டத் தரவிலேயே பயன்படுத்திப் பாருங்கள். தேசிய நீதித்துறைத் தரவுக் கட்டம் என்ற இணையதளத்தில் ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் எத்தனை வழக்கு எத்தனை ஆண்டாக நிலுவையில் இருக்கிறது என்று பார்க்க முடியும். உங்கள் மாவட்டத்தையும் பக்கத்து மாவட்டத்தையும் எடுத்து ஒப்பிடுங்கள்.

கூடவே இன்னொரு பட்டம் சேரலாமா என்று பலர் கேட்கிறார்கள். சட்டப் படிப்போடு இன்னொரு முழுநேரப் படிப்பில் சேருவதைப் பார் கவுன்சில் விதி தடுக்கிறது. தொலைநிலைப் படிப்புக்கும், மொழி, கணினி சார்ந்த குறுகிய காலச் சான்றிதழ் படிப்புக்கும் மட்டும் விலக்கு உண்டு. எதில் சேர்ந்தாலும் முதலில் உங்கள் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டம் வாங்கிய பிறகு

வழக்கறிஞராக வேண்டும் என்றால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. சட்டப்படியான பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். இதற்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. பிறகு அகில இந்திய பார் தேர்வு. 100 கேள்விகள், தமிழிலும் எழுதலாம்.

உரிமையியல் நீதிபதி ஆக நினைப்பவர்கள், மூன்றாண்டு வழக்கறிஞர் பயிற்சி வேண்டும் என்று 2025 மே மாதம் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள். குடிமைப் பணித் தேர்வில் சட்டம், பொருளியல் இரண்டுமே விருப்பப் பாடங்களாக இருக்கின்றன. ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

பொருளியல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதப் பொருளியலிலோ அதைச் சார்ந்த துறையிலோ முதுநிலைப் பட்டம் வேண்டும். ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுப் பிரிவுக்கும் அப்படித்தான். பி.ஏ., எல்எல்.பி. மட்டும் இருந்தால் அந்தக் கதவுகள் திறக்காது. ரிசர்வ் வங்கியின் சட்ட அதிகாரி பணிக்கு வேண்டுமானால் போகலாம். எனவே முதுநிலை படிக்க வேண்டும் என்ற முடிவை நான்காம் ஆண்டிலேயே எடுத்துவிடுங்கள். கோட்டூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இரண்டும் கணக்கில் பலமுள்ளவர்களைத்தான் எதிர்பார்க்கின்றன. இரண்டையும் விடாமல் ஒன்றாகவே தொடர ஆசைப்படுகிறவர்களுக்கு, ரோட்டர்டாம், ஹாம்பர்க் உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1990 முதல் நடத்திவரும் சட்டமும் பொருளியலும் சார்ந்த ஓராண்டு ஐரோப்பிய முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அதற்குச் சட்டப் பட்டத்தோடும் போகலாம், பொருளியல் பட்டத்தோடும் போகலாம். விண்ணப்பத்தோடு பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். ஒன்றைச் சட்ட ஆசிரியரிடமும் ஒன்றைப் பொருளியல் ஆசிரியரிடமும் வாங்குங்கள். அதற்கு அந்தப் பொருளியல் ஆசிரியருக்கு உங்கள் முகம் தெரிந்திருக்க வேண்டும், அந்த 388 ரூபாய்க் கட்டுரையை அவர் ஒருமுறையாவது வாசித்திருக்க வேண்டும்.